பெட்டி ஒருத்தரிடம், சாவி இன்னொருத்தரிடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியது)



எனக்குக் குடுத்த தலைப்பு "கைபேசியும் நம் அந்தரங்கமும்". முதல்ல வேணாம்னுதான் சொன்னேன். நான் எட்டாவதோட நின்னவ. கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைங்க நம்ம வீடுகள்லயே நிறைய பேர் இருக்காங்க, அவங்களைக் கூப்பிடுங்கன்னேன். அப்புறம் யோசிச்சு ஒத்துக்கிட்டேன். இந்த விஷயத்துல தப்புப் பண்ணது நான். படிச்சவங்க வந்து பேசினா அந்தத் தப்பைச் சொல்ல மாட்டாங்க.

இப்ப சொல்லப்போறது நம்ம உறுப்பினர் ஒருத்தரைப் பத்தி. அவங்க வீட்டுக்குப் போய், சம்மதம் கேட்டு, வாங்கிட்டுத்தான் பேசுறேன். பேர் சொல்ல மாட்டேன். எந்தக் குழு, எந்தத் தெருன்னும் சொல்ல மாட்டேன். யாருன்னு புரிஞ்சவங்க தயவுசெய்து பக்கத்துல இருக்கிறவங்களைத் திரும்பிப் பார்க்காதீங்க.

2022 பிப்ரவரி மாசம். குழுக் கூட்டத்துல அவங்க பதினஞ்சாயிரம் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டோம். கேக்கணும், அது நம்ம விதி. வீட்டுக்காரரோட குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கணும்னு தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. தீர்மான நோட்டுல எழுதினோம். பேர், தொகை, காரணம், தவணை, பத்துப் பேர் கையெழுத்து, ரெண்டு பேர் கைநாட்டு. அதுவரைக்கும் சரிதான். குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான் எழுதுறோம். நோட்டு பெட்டியில இருக்கும். பெட்டி ஒருத்தர் வீட்டுல இருக்கும். சாவி இன்னொருத்தர் இடுப்புல இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் திறக்க முடியும்.

அன்னிக்கு ராத்திரி அந்தப் பக்கத்தை நான் போன்ல படம் எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். தனித்தனியா யாருக்கு அனுப்புறது, குரூப்புல போட்டா ஒரே தடவையில எல்லாருக்கும் போயிடும்னு ஒரு சோம்பேறித்தனம். கணக்குல நாங்க வெளிப்படையா இருக்கோம்னு ஒரு பெருமை வேற. அந்த குரூப்புல அப்போ 112 பேர். பூட்டு, சாவி எல்லாத்தையும் நானே ஒரு தட்டுல உடைச்சுட்டேன்னு அப்ப எனக்குத் தெரியலை.

அந்த 112 பேர்ல ஒருத்தர், அவங்க பொண்ணைப் பார்க்க வர்றதா இருந்த வீட்டுக்கு உறவு. நாலே நாள்ல அந்தப் பேச்சு நின்னுபோச்சு. காரணம் யாரும் சொல்லலை. சொல்லணுமா என்ன?

ஜூலை மாசம் அவங்க பையன் பாலிடெக்னிக்ல சேரணும், ஃபீஸ் கட்ட அஞ்சாயிரம் குறையுது. நம்ம குழுவுல கேட்டிருந்தா நூத்துக்கு ஒரு ரூபா வட்டிக்குக் கிடைச்சிருக்கும். அவங்க கேக்கலை. போன்ல வந்த ஒரு கடன் ஆப்பை எடுத்தாங்க. எடுத்துக் குடுத்தது அந்தப் பையன்தான். பதினாறு வயசு, கம்ப்யூட்டர் டிப்ளமாவுல சேரப்போறவன். ரெண்டு நிமிஷத்துல வேலையை முடிச்சான். போன்ல இருக்கிற நம்பரெல்லாம் பார்க்கலாமா, ஃபோட்டோவெல்லாம் பார்க்கலாமான்னு அது இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டே போகுது, இவன் "சரி, சரி"ன்னு அழுத்திக்கிட்டே போறான். விரல் ஓடின வேகத்துக்குக் கண்ணு ஓடலை.

அஞ்சாயிரம்னு சொல்லிட்டு கைக்கு வந்தது மூவாயிரத்து இருநூறு. பிடிச்சது போக மீதி. ஏழாம் நாள் முழுசா அஞ்சாயிரம் கட்டணும். மீட்டர் வட்டிக்காரன் கூட ஏழு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கேக்க மாட்டான். எட்டாம் நாள் காலையில அவங்க போன்ல பேர் போட்டு வச்சிருந்த ஒவ்வொருத்தருக்கும் சேதி போச்சு. நம்ம குழு ஆளுங்களுக்கு, மீன் வாங்குறவங்களுக்கு, பையனோட வாத்தியாருக்கு. அவங்க முகத்தை வெட்டி வேற ஒரு உடம்புல ஒட்டின படம். அதுக்கு மேல நான் சொல்லலை.

நாங்க நாலு பேர் அவங்க வீட்டுக்கு ஓடினோம். கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆச்சு. உள்ளே போனதும் நான் கோபமாத்தான் கேட்டேன், "எங்ககிட்ட ஏன் கேக்கலை?"ன்னு. அவங்க சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. "உங்ககிட்ட கேட்டா ஊருக்கே தெரிஞ்சுடும்க்கா. மிஷின்கிட்ட கேட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனைச்சேன்."

அந்த ஆப்பு கெட்டதுன்னு சொல்றது சுலபம். அது கிட்ட அவங்களைத் தள்ளிவிட்டது யாரு?

1930-க்கு போன் போட்டோம். மத்திய அரசோட சைபர் குற்றப் புகார் எண் அது. இணையத்துலயும் புகார் பதிவு பண்ணோம். ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் அழிக்காம வச்சிருந்தது உதவிச்சு. பயத்துல முதல்ல அதைத்தான் அழிப்போம், அழிச்சிடாதீங்க. வேற வேற நம்பர்லேர்ந்து கொஞ்ச நாள் மிரட்டல் வந்துச்சு, அப்புறம் நின்னுச்சு.

இது அவங்க ஒருத்தருக்கு மட்டும் நடந்ததில்லை. கொரோனா ஊரடங்குல வேலை போன காலத்துல இந்தியா முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான பேர் மாட்டினாங்க, சிலர் உயிரையும் விட்டாங்க. 2021 ஜனவரியில நம்ம சென்னை போலீஸ் பெங்களூரு வரைக்கும் போய், இந்த மாதிரி ஆப்புக்கு ஆள் வச்சு மிரட்டுற இடத்தைக் கண்டுபிடிச்சு, ரெண்டு சீனாக்காரங்க உட்பட சிலரைக் கைது பண்ணாங்க. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2-ஆம் தேதி விதி போட்டது. கடன் குடுக்கிற ஆப், போன்ல இருக்கிற தொடர்பு எண்களையும் ஃபைல்களையும் அழைப்பு விவரத்தையும் தொடவே கூடாது. கடன் பணம் நேரா கடன் வாங்குறவர் கணக்குக்கே வரணும். 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோர்லயும் கடன் ஆப்புகள் நம்பரையும் ஃபோட்டோவையும் எடுக்கத் தடை. 2025-ல நம்ம மாநில அரசு, மிரட்டிக் கடன் வசூலிக்கிறதுக்கு எதிரா தனிச் சட்டமே கொண்டுவந்தது, இணையவழி கடன்காரங்களும் அதுல அடக்கம். எல்லாம் நல்லதுதான். நம்ம தங்கச்சிக்கு முதல் விதியே ரெண்டு மாசம் லேட்டா வந்துச்சு. இன்னிக்கும் பிளே ஸ்டோருக்கு வெளியே லிங்க் அனுப்பி ஏத்தச் சொல்றவன் இருக்கான், அவன் எந்த விதியையும் படிக்கப் போறதில்லை.

அப்புறம் நம்ம ஆபீஸ்ல சனிக்கிழமை சாயங்காலம் போன் வகுப்பு ஆரம்பிச்சோம். சொல்லிக்குடுக்க என் பேத்தியும் அவ ஃபிரெண்ட்ஸ் ரெண்டு பேரும் வந்தாங்க. மூணு பேரும் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறவங்க. கத்துக்க வந்தது பூரா அம்மாக்களும் ஆயாக்களும். "அத்தை, இதை அழுத்துங்க, அதைத் தள்ளுங்க"ன்னு அவங்க சொல்றதும், கருவாடு காய வச்ச கை ஸ்கிரீன்ல பதியலைன்னு இவங்க சேலையில துடைச்சுத் துடைச்சு அழுத்துறதும் ஒரே சிரிப்பு.

மூணாவது வாரம்னு நெனைக்கிறேன். கடன் ஆப்பு எப்படி இருக்கும், எதுக்கெல்லாம் அனுமதி கேக்கும்னு என் பேத்தி காட்டிக்கிட்டு இருந்தா. காசிமேட்டுல நாப்பது வருஷம் கூடை தூக்கின ஒரு ஆயா கேட்டாங்க: "ஏன் பாப்பா, இந்தக் கடன் குடுக்கிறவன் மூஞ்சியை நீங்க யாராச்சும் பார்த்திருக்கீங்களா?" மூணு பொண்ணுங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "மூஞ்சி தெரியாதவன்கிட்ட கை நீட்டுனா, அவன் கையை எங்க வைப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அம்பது வீட்டு மீன் பாக்கி மனசுல இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கை இன்னொரு வீட்டு வாசல்ல பேசினதை நான் கேட்டதே இல்லை. நகையை அடகு வைக்கப் போறப்ப தெரு முனை கடைக்குப் போகாம நாலு தெரு தள்ளி ஏன் போனோம்? முந்தானையில முடிஞ்சுக்கிட்டு ஏன் போனோம்? எந்த பட்டனை அழுத்தணும்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். எதை யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நமக்குத் தெரியும். போன் கையில வந்ததும் நாம நம்ம அறிவைப் பிள்ளைங்க கையில குடுத்துட்டு, "நீயே பார்த்துச் செய்"னு உட்கார்ந்துட்டோம். அதுங்க பாவம், வேகமாச் செய்யுங்க, அவ்வளவுதான்.

இன்னொன்னும் சொல்லணும். பிள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும்னு நெனைக்கிறதும் தப்பு. ஜெராக்ஸ் கடையில பிரின்ட் போட நம்ம ஆதாரை அந்தக் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிட்டு, ரெண்டு ரூபா குடுத்துட்டு வந்துடுதுங்க. அந்த ஆதார் அவர் போன்லயும் கம்ப்யூட்டர்லயும் வருஷக்கணக்கா கிடக்கும். அனுப்பினதும் அங்கேயே நின்னு அழிக்கச் சொல்லணும். இல்லைன்னா, ஆதார் இணையதளத்துலயே கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாதிரி நகல் கிடைக்குது, பல இடத்துக்கு அது போதும். நம்ம வாட்ஸ்அப் வேற எந்தக் கம்ப்யூட்டர்லயாவது திறந்தே கிடக்கான்னு "இணைக்கப்பட்ட சாதனங்கள்"ங்கிற இடத்துல பார்க்கலாம்னு எனக்கே போன வருஷம்தான் தெரியும். என் பேத்திக்கும் அன்னிக்குத்தான் தெரியும், அவ ஒத்துக்க மாட்டா.

"வாட்ஸ்அப்ல எல்லாம் பூட்டியிருக்கு, யாரும் படிக்க முடியாது"ன்னு அவ அடிக்கடி சொல்வா. எப்படிப் பூட்டுன்னு கேட்டேன். அவ சொன்னது எனக்குப் புரிஞ்சது மாட்டுச் சந்தையை வச்சுத்தான். எங்கப்பா ஊர்ல மாட்டுச் சந்தையில துண்டு போட்டு விலை பேசுவாங்க. விக்கிறவர் கையும் வாங்குறவர் கையும் துண்டுக்குள்ள. விரலைப் பிடிச்சு விலை சொல்வாங்க. சுத்தி நூறு பேர் நின்னாலும் என்ன விலைன்னு தெரியாது. அதுதான் பூட்டு. ஆனா யாரு யார் கையைப் பிடிச்சிருக்காங்க, எவ்வளவு நேரம் பிடிச்சிருக்காங்கன்னு சந்தைக்கே தெரியும் இல்லையா? கம்பெனிக்கும் அப்படித்தான். என்ன பேசினோம்னு தெரியாது, யார்கிட்ட எப்ப எத்தனை தடவை பேசினோம்னு தெரியும். அந்த விவரத்தைத் தாய்க் கம்பெனியோட பகிர்ந்துக்குவோம், சம்மதம் குடுத்தாத்தான் ஆச்சுன்னு 2021-ல வாட்ஸ்அப் சொன்னதுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல 213 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. அப்புறம், துண்டுக்குள்ள சொன்ன விலையை வாங்கினவரே வெளியே வந்து கத்தினா, துண்டு என்ன பண்ணும்? நான் தீர்மான நோட்டுப் படத்தைப் போட்டது அந்த மாதிரி. எந்தப் பூட்டும் குரூப்புல இருக்கிற 112 பேர் வாயைப் பூட்டாது.

"மறைக்க நம்மகிட்ட என்ன இருக்கு, நாம என்ன கோடீஸ்வரங்களா?"ன்னு சிலர் கேக்குறீங்க. கோடீஸ்வரன் வீட்டு விஷயம் வெளியே வந்தா வக்கீல் வருவார். நம்ம வீட்டு விஷயம் வெளியே வந்தா சம்பந்தம் நிக்கும். அந்தரங்கம் எல்லாருக்கும் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல தீர்ப்புச் சொன்னாங்க. அந்த வழக்கைப் போட்டவர் புட்டசாமின்னு கர்நாடகாவில ஓய்வுபெற்ற நீதிபதி. 2012-ல அவர் வழக்குப் போட்டப்போ வயசு 86. வயசான காலத்துல இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு அவர் நினைக்கலை பாருங்க.

அப்ப போனையே தூக்கிப் போட்டுடலாமான்னா, முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர்ல கடலுக்கடியில போன குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சுதே, பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க தூக்கத்துல எழுந்து மூச்சு முட்டி ஓடினாங்களே, அன்னிக்கு ராத்திரி யாரு எங்க இருக்கா, எந்தப் பக்கம் போகணும்னு நம்ம உறுப்பினர்களுக்குச் சேதி போனது போன்லதான். பட்டன் போன் வச்சிருந்த ஆயாக்களைக் கதவு தட்டி எழுப்பினது வேற கதை. அதையும் மறந்துடக் கூடாது. நம்ம உறுப்பினர்கள்ல இன்னும் பாதிப் பேருக்குச் சொந்தமா ஸ்மார்ட் போன் இல்லை. வீட்டுல ஒரு போன், அது பையன் கையில.

அந்த ராத்திரி வாட்ஸ்அப் வேலை செய்யாம இருந்திருந்தா? விளையாட்டுக்குக் கேக்கலை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ராத்திரி நெனைவு இருக்கா? வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூணும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் படுத்துக்கிச்சு. மூணும் ஒரே முதலாளி. ஒரு ஷட்டர் இறங்கினா தெருவே இருட்டு.

இதைப் பத்திப் பேசறப்பத்தான் என் பேத்தி மஸ்டோடான்னு ஒண்ணைச் சொன்னா. ஜெர்மனியில ஆய்கன் ரோஷ்கோன்னு ஒரு இளைஞர் 2016-ல ஆரம்பிச்சது. ட்விட்டர் மாதிரிதான், ஆனா அதுக்கு ஒரு முதலாளி கிடையாது. அவங்கவங்க சேர்ந்து அவங்கவங்க சொந்தக் கம்ப்யூட்டர்ல நடத்திக்கலாம், விதியும் அவங்களே போட்டுக்கலாம். ஒரு இடத்துல இருக்கிறவங்க இன்னொரு இடத்துல இருக்கிறவங்களோட பேசலாம். ஒண்ணு மூடினாலும் மத்தது ஓடும். 2019-ல ஒரு உச்ச நீதிமன்ற வக்கீலோட கணக்கை ட்விட்டர் முடக்கினப்போ இந்தியாவுல நிறைய பேர் அங்க போனாங்களாம். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவ சொல்லி முடிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "இது எங்க கூட்டமைப்புடி"ன்னேன். பன்னிரண்டு பேர், இருபது பேர் ஒரு குழு. நோட்டு தனி, பெட்டி தனி, விதி தனி. ஆனா எல்லாரும் கூட்டமைப்புல ஒண்ணு. ஒரு குழு கலைஞ்சா இன்னொரு குழு பெட்டி காலியாகாது. தருமபுரியில 1989-ல இதை ஆரம்பிச்சப்போ கம்ப்யூட்டரை வச்சா யோசிச்சாங்க?

அவ உடனே இன்னொன்னும் சொன்னா, நேர்மையான பிள்ளை. மஸ்டோடான்ல அந்தக் கம்ப்யூட்டரை நடத்துறவர் நெனைச்சா நாம தனியா அனுப்புற சேதியையும் பார்க்கலாமாம். அப்ப அங்கயும் நோட்டு யார் கையிலங்கிற கேள்விதான்.

நாளைக்கே எல்லாரும் அங்க போங்கன்னு சொல்ல மாட்டேன். நம்ம மீன் வாங்குறவங்க, ஊறுகாய் வாங்குறவங்க, பள்ளிக்கூடம், எல்லாம் வாட்ஸ்அப்லதான் இருக்கு. போன வருஷம் நம்ம தமிழ்நாட்டு ஜோஹோ கம்பெனியோட "அரட்டை"யை நாடு பூரா ஏத்தினாங்க, நானும் ஏத்தினேன், உள்ளே போனா என் பேத்தியைத் தவிர ஆளே இல்லை. எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. உங்க ஜிபேயிலேர்ந்து என் போன்பேக்குப் பணம் வருது. வேற கம்பெனி, வேற பேங்க், ஆனாலும் வருது. பணமே வர்றப்போ, உங்க வாட்ஸ்அப்லேர்ந்து என் அரட்டைக்கு ஒரு வணக்கம் ஏன் வர மாட்டேங்குது? ஐரோப்பாவுல 2024 மார்ச்லேர்ந்து வாட்ஸ்அப் மாதிரி பெரிய கம்பெனிங்க கதவைத் திறந்துதான் ஆகணும்னு சட்டம் இருக்கு. இங்கேயும் கேக்கலாம். நம்ம தனிநபர் தரவுச் சட்டம் 2023-ல வந்தது, அதோட விதிகள் 2025 நவம்பர்லதான் வந்திருக்கு, முழுசா அமலாக இன்னும் காலம் இருக்கு. அதிகாரிங்க இங்க இருக்கீங்க, மேலிடத்துல சொல்லுங்க.

நம்ம கூட்டமைப்புல நாங்க சில மாத்தம் பண்ணிட்டோம். குரூப்புல இப்ப கூட்டத் தேதியும் பொது அறிவிப்பும் மட்டும்தான். ஆதார், பாஸ்புக், தீர்மான நோட்டு எதுவும் குரூப்புக்கு வராது. காகிதமாக் கையில வரும், இல்லைன்னா ஒரே ஒருத்தருக்குப் போகும், வேலை முடிஞ்சதும் அழிக்கப்படும். கடன் காரணத்தைக் குழுவுல பேசுவோம், நோட்டுல "மருத்துவம்", "படிப்பு"ன்னு ஒரு வார்த்தைதான் எழுதுவோம். இதுக்கு ரெண்டு தலைவிங்க இன்னும் எதிர்ப்புத்தான். விவரம் இல்லாம எழுதினா நாளைக்குத் தணிக்கையில யார் பதில் சொல்றதுன்னு கேக்குறாங்க. அது நியாயமான கேள்வி, இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

அந்தத் தங்கச்சி அந்த வருஷமே சேமிப்பை எடுத்துக்கிட்டுக் குழுவை விட்டுப் போயிட்டாங்க. பையன் படிப்பை முடிச்சு மணலி பக்கம் வேலைக்குப் போறான். அம்மா போனை மட்டும் இன்னிக்கு வரைக்கும் அவன் தொடுறதில்லையாம். இந்தப் பேச்சுக்கு அனுமதி கேக்கப் போனப்போ அவங்க ஒரே ஒரு நிபந்தனை வச்சாங்க. "அந்தப் பக்கத்தை அழிச்சுட்டீங்களாக்கா?"

என் போன்ல அன்னிக்கே அழிச்சுட்டேன். ஆனா அனுப்பினவங்க எல்லார் போன்லேர்ந்தும் எடுக்க வாட்ஸ்அப் குடுக்கிற கெடு ரெண்டு நாள் சொச்சம்தான், அது எப்பவோ போயிடுச்சு. மீதி 111 போன்ல அது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாதுன்னுதான் அவங்களுக்குப் பதில் சொன்னேன்.

வெளியே டீயும் சுண்டலும் தயாரா இருக்கு. எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எல்லாரும் போனை எடுங்க. போன் தெரியாதவங்க பக்கத்துல நம்ம பிள்ளைங்க வந்து உட்காருவாங்க. எந்தப் படம்னு நான் சொல்ல மாட்டேன், தேடவும் வேணாம். தீர்மான நோட்டுப் படம், ஆதார் படம், பாஸ்புக் படம்னு யாரோடது இருந்தாலும் திறந்து படிக்காம அழிச்சுடுங்க. அழிச்ச குப்பைத் தொட்டியில முப்பது நாள் கிடக்குமாம், அதையும் காலி பண்ணச் சொல்லிக் கேளுங்க. நான் இங்கயே நிக்கிறேன்.